துணைவர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்த பிறகு: கணவன் மனைவிக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பிரசவத்துக்கும் குடல்வால் அறுவைக்கும் போகிற சின்னத் தனியார் மருத்துவமனை. நான் எழுதப்போவது வேறோர் இடத்தைப் பற்றி. பக்கவாதமோ முதுமை மறதியோ வந்து, குளிப்பாட்டவும் ஊட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் இரவு பகலாக ஆள் தேவைப்படுகிறவர்களை மாதக் கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் இப்போது கோவையைச் சுற்றியும் சென்னையிலும் நிறைய வந்துவிட்டன. பேச்சில் அதற்கு ‘ஹோம்’ என்றே பெயர். “ஹோமில் விட்டிருக்கிறார்களாம்” என்று சொல்லும்போது மட்டும் ஊர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.

என் கணவர் மூன்று ஆண்டுகளாகக் கோவைக்கு வெளியே அப்படி ஓர் இல்லத்தில் இருக்கிறார். நான் பொள்ளாச்சியில் எங்கள் வீட்டில் இருக்கிறேன். அவர் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்தில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளி ஆசிரியை. இரண்டு முறை பக்கவாதம் வந்தது. அதன் பின் மறதி ஏறிக்கொண்டே போனது. நான்கு ஆண்டுகள் நானே பார்த்துக்கொண்டேன். ஓர் இரவு இரண்டரை மணிக்குக் குளியலறையில் விழுந்துவிட்டார். அவர் எழுபது கிலோ. என் முழங்காலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தூக்க முடியவில்லை. ஈரத் தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து மணிக்குப் பால்காரர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த விடியலில்தான் முடிவெடுத்தேன்.

சேர்த்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். உடல் பாரம் இறங்கியது உண்மை. ஆனால் 2004-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, மறதி நோயாளியை இல்லத்தில் சேர்த்த 180 குடும்பத்தாரைக் கவனித்து, சேர்த்த பிறகும் அவர்களின் மனச்சோர்வு குறையவில்லை என்று கண்டது. மகன், மகள், மற்ற உறவினரைவிடக் கணவனுக்கும் மனைவிக்கும் அந்தச் சோர்வு அதிகம். எனக்கு அதில் வியப்பில்லை. நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரே கூரைக்குக் கீழ் இருந்துவிட்டு ஒரு மாலையில் தனியாகப் பஸ் ஏறி வருவதற்கு யாரும் நமக்குப் பயிற்சி தருவதில்லை.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். மையமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வேலையை நாம் ஒப்படைத்துவிடலாம். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது தானாக அங்கே போய்ச் சேராது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இனி நம் வேலை.

படி 1: கையெழுத்துப் போடும் தெளிவு இருக்கும்போதே காகிதங்களை முடியுங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இதற்கு மட்டும் காலக்கெடு உண்டு. “பவர் ஆஃப் அட்டர்னி வாங்கிவிட்டோம், கவலையில்லை” என்று பலர் நினைக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201-இன்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. எந்த நேரத்துக்காக வாங்கினோமோ அந்த நேரத்தில் அது கைகொடுக்காது. அதற்குப் பிறகு அவர் பெயரில் உள்ள நிலத்தையோ வைப்புத் தொகையையோ தொட வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டுப் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டியிருக்கும். கோமாவில் இருந்த ஒருவருக்கு அவர் மனைவியைப் பாதுகாவலராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் நியமித்தது. வழி இருக்கிறது, வழக்கறிஞர் செலவும் அலைச்சலும் கூடவே இருக்கின்றன.

ஆகவே முன்கூட்டியே செய்யக்கூடியவை: வங்கிக் கணக்குகளை இருவரில் எவரும் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் வாரிசு நியமனம் போடுங்கள். உயில் எழுதுவதானால் இப்போதே எழுதுங்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால் வாழ்நாள் சான்றிதழை மறந்துவிடாதீர்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம் (80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம்); மாநில ஓய்வூதியர்கள் தங்கள் நேர்காணல் மாதத்தைக் கருவூலத்தில் கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. முதியவர்களின் விரல் ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்காவிட்டால், ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். தபால்காரர் இருக்கும் இடத்துக்கே வந்தும் செய்து தருகிறார். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீடு தேடி வந்து வங்கிச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. மேலாளர் தயங்கினால் இதை நினைவுபடுத்துங்கள்.

படி 2: இல்லத்தைப் பார்க்கும்போது துணைவர் கேட்கவேண்டிய கேள்விகள்

பிள்ளைகள் கட்டணத்தையும் கட்டடத்தையும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். சமூக நலத் துறையில் பதிவு செய்த சான்று, இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், மருத்துவர் எந்த நாள் வருகிறார், டயப்பர், மருந்து, பிசியோதெரபி, ஆம்புலன்ஸ் எல்லாம் கட்டணத்துக்குள்ளா வெளியேயா, முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா, இவற்றை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

நீங்கள் கேட்கவேண்டியவை வேறு. பார்வை நேரம் என்று கெடுபிடி உண்டா? நான் வந்தால் அவருடன் உட்கார்ந்து சாப்பிடலாமா? நான் என் கையால் ஊட்டலாமா? பத்து நிமிடம் திரையை இழுத்துவிட்டு இருவரும் தனியாக இருக்க முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க நம்மில் பலருக்கும் கூச்சம். வயதானவர்களுக்கு என்ன தனிமை என்று சிரிப்பார்களோ என்று பயம். ஆறு பேர் படுத்திருக்கும் அறையில் கணவன் கையைப் பிடித்துக்கொண்டு அழ முடியாமல் நான் கழிப்பறைக்குப் போய் அழுத நாட்கள் உண்டு. கேட்டுவிடுங்கள். நல்ல இல்லத்தார் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் சுற்றிப் பார்க்கும்போது அங்கிருக்கும் முதியவர் ஒருவர் கூப்பிட்டால் ஊழியர் திரும்பிப் பார்க்கிறாரா, அல்லது உங்களிடமே பேசிக்கொண்டிருக்கிறாரா? எனக்கு ஓர் இல்லத்தைத் தள்ளிவிட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

முடிந்தால் பஸ் வழித்தடத்தில் இருக்கும் இல்லமாகப் பாருங்கள். பிள்ளைகள் காரில் வந்து போவார்கள்; வாரம் மூன்று நாள் போகப்போவது நீங்கள்.

படி 3: அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

இல்லத்தில் சேர்க்கும்போது ஒரு படிவம் தருவார்கள். வயது, நோய், மருந்து, ஒவ்வாமை. அதில் மனிதர் இருக்க மாட்டார். நான் அந்தப் படிவத்தோடு நின்றுவிட்டேன். அதன் விலையை அவர்தான் கொடுத்தார்.

சேர்த்த இரண்டாம் வாரம், மாலை ஐந்து மணியானால் அவருக்குப் பதற்றம் கூடுவதாகவும், கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பதாகவும், கையைப் பிடித்தால் தட்டிவிடுவதாகவும் தொலைபேசியில் சொன்னார்கள். தூக்க மாத்திரை தரலாமா என்று கேட்டார்கள். மறதி உள்ளவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் கூடுவது பொதுவாக நடப்பதுதான். மறுநாள் மாலைவரை அங்கே இருந்து பார்த்தேன். வெளிச்சம் மங்கியதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இரண்டாம் மண்டலத்துக்குத் தண்ணீர் விட்டாயிற்றா? லஸ்கரைக் கூப்பிடு, லஸ்கரைக் கூப்பிடு” என்று கத்தினார். அங்கிருந்த ஆயாவுக்கு மண்டலம் என்றால் ஐயப்பனுக்கு விரதமிருக்கும் நாற்பத்தொரு நாள். லஸ்கர் என்பது யார் பெயர் என்றே தெரியவில்லை. அவர் உளறுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள்.

அவர் உளறவில்லை. எங்கள் திட்டத்துப் பாசனப் பரப்பு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்துத் தண்ணீர் விடப்படுகிறது. வாய்க்காலில் மதகைத் திறந்து மூடும் ஊழியர் லஸ்கர். பணிக்காலம் முழுவதும் பொழுது சாயும் நேரத்தில் அவர் கேட்ட கேள்வி அது. நான் ஆயாவைத் தனியே அழைத்து இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டுக் கட்டிலருகே போய், “விட்டாயிற்று ஐயா, கடைமடை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது” என்றார். கடைமடை என்பது வாய்க்கால் போய் முடியும் இடம். அந்தச் சொல் ஆயாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவராம். என் கணவர் கம்பியை விட்டார். தலையணையில் சாய்ந்தார். தூக்க மாத்திரைப் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். பெரிய எழுத்தில், ஆயாவும் படிக்கும்படி. நீங்களும் இவற்றை எழுதுங்கள்:

- எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார். (எங்கள் வீட்டுக்காரரைத் ‘தாத்தா’ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், ‘ஓவர்சீயர் ஐயா’ என்றால் கண் திறப்பார்.)
- என்ன வேலை பார்த்தார், அந்த வேலையின் சொற்கள் என்னென்ன.
- காலையில் எழுந்ததும் என்ன வழக்கம்: திருநீறா, செய்தித்தாளா, காபியா, எந்த வரிசையில்.
- குளியல் வெந்நீரா தண்ணீரா, காலையா மாலையா, பெண் ஊழியர் குளிப்பாட்டினால் ஒத்துக்கொள்வாரா.
- எதை வாயில் வைத்தால் துப்புவார்.
- வலித்தால் எப்படிக் காட்டுவார். வாய் திறந்து சொல்லாதவர்கள் புருவத்தைச் சுருக்குவார்கள், ஒரே இடத்தைத் தடவுவார்கள், சாப்பிட மறுப்பார்கள். இதைத் துணைவரைத் தவிர வேறு யாரும் முதல் பார்வையில் கண்டுபிடிக்க முடியாது.
- இறந்துபோன யாரைத் தேடுவார், அவர் என்ன உறவு.

இதை நான்கு நகல் எடுத்து, ஒன்றைக் கட்டிலுக்கு மேல் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். இரவுப் பணிக்கு ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், தாள் இருக்கும்.

படி 4: கொண்டுபோகும் பெட்டி

நான்கைந்து செட் உடை, எல்லாவற்றிலும் உள்பக்கம் பெயர் தைத்து. வண்ணான் குறி போல ஒரு சின்னத் தையல் போதும். கண்ணாடி, பல்செட், காது கேட்கும் கருவி மூன்றும்தான் இல்லங்களில் அடிக்கடி காணாமல் போகின்றவை. பல்செட் டப்பாவிலும் கருவி டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

அவருடைய டம்ளரைக் கொண்டுபோங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் குவளையில் கொடுத்த காபியை என் கணவர் மூன்று நாள் தொடவில்லை. விளிம்பு நசுங்கிய எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுபோய் வைத்தேன். இடது கை வராது; வலது கையால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்து, நசுங்கிய இடத்தைக் கட்டை விரலால் கண்டுபிடித்து, அந்த இடத்தை வெளிப்பக்கம் திருப்பிவைத்துக் குடித்தார். வீட்டில் எப்போதும் அப்படித்தான் குடிப்பார். நாற்பது ஆண்டுகள் கூடவே இருந்தும் எனக்கு அது அன்றுதான் கண்ணில் பட்டது.

மனைவியைச் சேர்க்கும் கணவர்களுக்கு ஒரு வார்த்தை. தங்கம் வைக்கக் கூடாது என்று இல்லத்தில் சொல்வார்கள், அது நியாயம்தான். ஆனால் தாலிக்கொடியைக் கழற்றினால் நினைவு மங்கிய பெண்களும் கழுத்தைத் தடவித் தடவித் தேடுவார்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுவிட்டுக் கொடியை வாங்கிக்கொள்ளுங்கள். என் கணவரின் பக்கத்துக் கூடத்தில் இருக்கும் அம்மாவுக்கு அவர் கணவர் இதைத் தன் கையாலேயே கட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் ஒரு முழம் மல்லிகை வாங்கி வருகிறார்.

படி 5: சேர்க்கும் நாளும் முதல் வாரங்களும்

காலையில் சேருங்கள், மாலையில் வேண்டாம். மதியச் சாப்பாடு வரை கூட இருங்கள். கிளம்பும்போது ஊழியர் ஒருவர் அவருக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டோ பேசிக்கொண்டோ இருக்கட்டும். நீளமாக விடைபெறாதீர்கள். நம் மொழியில் விடைபெறும்போது யாரும் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதுதான் வழக்கம். அதைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வந்தும் விடுங்கள்.

“முதல் இரண்டு வாரம் வராதீர்கள், அப்போதுதான் பழகுவார்” என்று சில இல்லங்களில் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாற்பதாண்டுத் துணை திடீரென்று காணாமல் போனால் அவர் பழகிவிட்டார் என்று தோன்றலாம். பல நேரம் அது கைவிட்ட அமைதிதான். தினமும் போகாவிட்டாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம் போங்கள்.

முதல் வாரங்களில் சாப்பாடு குறையும், தூக்கம் கெடும், உங்கள்மேல் கோபம் வரும். முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்னை ஒரு நாள் “நீ யார்?” என்று கேட்டார். மறந்துவிட்டாரா, கோபத்தில் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களுக்கு இந்த நிலை கொஞ்சம் தணிய ஏழெட்டு வாரம் ஆயிற்று.

படி 6: “வீட்டுக்குப் போகலாம்” என்று கேட்கும்போது

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தே சந்திக்கப் போகாமல் நின்றுவிட்ட கணவன் மனைவியரை எனக்குத் தெரியும்.

நானும் “நாளைக்குப் போகலாம்” என்று சில நாள் சொன்னேன். பிறகு நிறுத்திவிட்டேன். சில நாட்களில் அதை அவர் நினைவு வைத்திருந்தார், செருப்பைத் தேடினார். பொங்கலுக்கு மகன் வந்தபோது, ஒரு நாளாவது வீட்டுக்கு அழைத்துப் போவோம் என்று கார் வைத்து அழைத்து வந்தோம். அவர் கட்டிய வீடு. அவர் நட்ட தென்னை. திண்ணையில் உட்காரவைத்தோம். அரை மணி நேரத்தில் என்னைப் பார்த்து, “நேரமாகிறது, வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

எந்த வீடு என்று அப்போதுதான் கேட்டேன். ஆழியாற்றில் அணைக்கட்டுக்குக் கீழே இருந்த குவார்ட்டர்ஸ். கல்யாணமாகி நாங்கள் முதலில் குடிபோன ஓட்டு வீடு. அந்த வீடு இப்போது எந்தப் பஸ்ஸிலும் போய்ச் சேர முடியாத இடத்தில் இருக்கிறது.

அன்றிலிருந்து அவர் கேட்கும்போது நான் மறுப்பதுமில்லை, வாக்குக் கொடுப்பதுமில்லை. “எந்த வீடு? கிணற்றடியில் கொய்யா மரம் நின்றதே, அதுவா?” என்று கேட்பேன். அவர் பேச ஆரம்பிப்பார். பேச முடியாத நாட்களில் நான் பேசுவேன். வாதாடாதீர்கள், “உங்கள் அம்மா செத்து முப்பது வருடம் ஆகிவிட்டதே” என்று திருத்தாதீர்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவருக்கு அது புதுச் சாவு. “அம்மாவைத் தேடுகிறதா? அவர் வைக்கும் பருப்புக் குழம்பை யாரால் வைக்க முடியும்?” என்று அதே நூலைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

படி 7: போனால் என்ன செய்வது

அங்கே போய் ‘எப்படி இருக்கிறீர்கள், என்னைத் தெரிகிறதா’ என்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் இருவரும் களைத்துப்போவீர்கள். கையில் ஒரு வேலையோடு போங்கள். நகம் வெட்டுவது, தலைக்கு எண்ணெய் தேய்ப்பது, காலுக்கு வாசலின் தடவுவது, கீரை ஆய்வது. ஆம், நான் ஒரு கட்டுக் கீரை வாங்கிப்போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்து ஆய்கிறேன். அவரும் வலது கையால் இலையைக் கிள்ளுகிறார். பேசாமலே முக்கால் மணி போய்விடுகிறது.

முகம் நினைவில்லாமல் போனாலும் கையின் பழக்கம் இருக்கும். பழைய பாட்டும் இருக்கும். காலண்டரில் அவருக்குப் பிடித்த நாளைக் குறித்துக்கொண்டு அன்று போங்கள். எங்களுக்கு ஆடிப்பெருக்கு. ஒரு செம்புத் தண்ணீர், ஒரு பிடி சித்திரான்னம், அவ்வளவே.

அவர் வேறு யாரையோ உங்கள் பெயரால் கூப்பிடுவதும், அங்கிருக்கும் இன்னொருவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் நடக்கும். நெஞ்சு குத்தும். நோய் செய்வது அது. ஊழியரிடம் சத்தம் போடாதீர்கள். பொறுப்பாளரிடம் தனியாகப் பேசுங்கள்.

படி 8: கண்ணால் பார்க்கவேண்டிய உடல் அடையாளங்கள்

குறை கண்டுபிடிக்கப் போவதாக நினைக்க வேண்டாம். இருபது பேரைப் பார்க்கிறவர் கண்ணில் தப்புவது ஒருவரையே பார்க்கிறவர் கண்ணில் படும்.

போர்வையை விலக்கி குதிகாலையும் இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். தானாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிவிடுவதுதான் பொது வழக்கம். எழுதிவைக்கும் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை எடை எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேட்டியோ சட்டையோ தொளதொளத்தால் கேட்காமலே தெரிந்துவிடும்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம். நீங்கள் ஊட்டினால் நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியில், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது. சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது சாய்க்காதீர்கள். சாப்பிடும்போது இருமினாலோ குரல் களகளத்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். உணவு மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியா வரலாம். ஆசையாக அதிரசமும் முறுக்கும் கொண்டுபோவதற்கு முன் எதைத் தரலாம் என்று கேட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் குழப்பம் திடீரென்று அதிகமானால் ‘வியாதி முற்றிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். பல நேரம் அது சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு அல்லது புது மாத்திரை. மருத்துவர் காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலும் தெளியும்.

படி 9: ஊழியர்களோடு

அவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளம் குறைவு, வேலை கடினம், பலர் தங்கள் ஊரில் தங்கள் அம்மாவை யாரிடமோ விட்டுவிட்டு வந்தவர்கள். ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘தண்ணீர்’, ‘வலி’, ‘போதும்’ என்று பத்துத் தமிழ்ச் சொல் சொல்லிக்கொடுத்தால் உங்கள் துணைவருக்கு அது நூறு மாத்திரைக்குச் சமம்.

குறை இருந்தால் எழுதிக் கொடுங்கள், நாளும் நேரமும் போட்டு. ஒருமுறை அவர் ஈர உடையில் வெகுநேரம் கிடந்ததைப் பார்த்து நான் அந்தப் பெண்ணிடம் கத்திவிட்டேன். அன்று காலைப் பணியில் அவர் ஒருவர்தான் என்று பிறகு தெரிந்தது. கத்தவேண்டிய இடம் மேலே இருந்தது. பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்தேன், இன்னோர் ஆள் போட்டார்கள். இல்லத்தார் காதில் போட்டுக்கொள்ளாவிட்டாலோ, அடி, அவமதிப்பு, பட்டினி போன்ற எதையாவது கண்டாலோ 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை அழைக்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும் புகார் தரலாம்.

படி 10: வீட்டில் நீங்கள்

முதல் வாரம் நான் இரண்டு பேருக்கு உலை வைத்துக்கொண்டே இருந்தேன். உழக்கு அரிசியைப் பானையில் போட்ட பிறகுதான் நினைவு வரும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைப்பேன். மறுநாள் அதையும் சாப்பிட முடியாது. ஒரு நாள் அரை உழக்காக அளந்தபோது கை நடுங்கியது. அந்த அளவைக் குறைப்பது அவரைக் குறைப்பது போல இருந்தது.

பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப உளவியலாளர், உடல் இருந்து மனம் விலகிப்போனவர்களின் குடும்பத்தார் படும் துயரத்தைத் தெளிவற்ற இழப்பு என்று 1970-களிலிருந்து எழுதி வருகிறார். சாவு என்றால் பதினாறாம் நாள் உண்டு, வந்து உட்கார்ந்து அழுவதற்கு ஆள் உண்டு. இதற்குச் சடங்கு இல்லை. நெற்றியில் பொட்டு இருக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகலாமா, புதுப் புடவை கட்டலாமா, சிரிக்கலாமா என்று ஒவ்வொன்றும் சந்தேகம். போகலாம். கட்டலாம். சிரிக்கலாம். நான் ஓராண்டு வீணாக்கினேன்; நீங்கள் வேண்டாம்.

செய்யக்கூடியவை: உங்கள் உடம்பை மருத்துவரிடம் காட்டுங்கள், பார்த்துக்கொண்ட ஆண்டுகளில் நம் சர்க்கரையையும் கண்ணையும் நாம் கவனித்திருக்க மாட்டோம். அவர் கட்டிலை உடனே அப்புறப்படுத்த வேண்டியதில்லை. காட்சிப் பொருளாக வைத்திருக்கவும் வேண்டியதில்லை, நான் அதில் என் புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன். போகாத நாட்களுக்கு ஒரு வெளி வேலை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெருப் பிள்ளைகள் நான்கு பேருக்கு மாலையில் தமிழ் இலக்கணம். ஐந்து மணி, அவருக்குப் பதற்றம் வரும் அதே நேரம். எனக்கும் அந்த நேரம்தான் கடினம்.

மனைவியைச் சேர்த்த ஆண்களுக்கு வேறு விதமான கஷ்டம்: சமைக்கத் தெரியாது, யாரிடமும் சொல்லத் தெரியாது. ரசமும் சாதமுமாவது கற்றுக்கொள்ளுங்கள். மூன்று வேளையும் மெஸ் சாப்பாட்டில் உடம்பு தாங்காது. தூக்கமில்லாமலோ, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வந்தாலோ, ஆணானாலும் பெண்ணானாலும், 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். கட்டணமில்லை. மறதி நோய்க் குடும்பங்களுக்கு, 1992-இல் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கமும் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் மறதி நோய்ப் பிரிவும் வழிகாட்டுகின்றன.

படி 11: உறவினர் வாய்

“என் மாமியாரைப் பன்னிரண்டு வருடம் நான் வீட்டிலேயே பார்த்தேன்” என்று ஒருவர் சொல்வார். அவரிடம் வாதாடிப் பயனில்லை. “வாருங்கள், வியாழக்கிழமை நான் போகிறேன், நீங்களும் வாருங்கள்” என்று அழைப்பதுதான் நான் கண்ட வழி. பாதிப் பேர் வர மாட்டார்கள், பேச்சும் நின்றுவிடும். வந்த என் நாத்தனார் அண்ணன் கையைப் பிடித்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் உக்கடம் தாண்டும்வரை பேசாமல் வந்தார். பிறகு, “அண்ணி, நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்று கேட்டார். அதற்குப் பின் குடும்பத்தில் யார் என்ன சொன்னாலும் அவரே பதில் சொல்லிவிடுகிறார்.

பிள்ளைகளிடம் பணத்தைப் பற்றி மட்டும் பேசாமல், உங்கள் முறை, அவர்கள் முறை என்று நாள் பிரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை, அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில், காணொளியில் பேசட்டும்.

படி 12: மருத்துவமனையும் அதற்குப் பிறகும்

நடு இரவில் தொலைபேசி வரும். மூச்சுத்திணறல், காய்ச்சல், விழுந்துவிட்டார். எந்த மருத்துவமனை, யார் முடிவெடுப்பது, உங்களைக் கேட்காமல் ஆம்புலன்ஸ் ஏற்றலாமா என்பதைச் சேர்க்கும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். செயற்கைச் சுவாசம் வேண்டுமா, மூக்குக் குழாய் வேண்டுமா என்ற கேள்வியும் வரும். தெளிவு இருக்கும் காலத்திலேயே அவர் விருப்பத்தை எழுதிவைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை அங்கீகரித்து, 2023-இல் நடைமுறையை எளிமையாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். எங்களிடம் எழுதிய தாள் இல்லை. ஆனால் முதல் பக்கவாதத்துக்குப் பின் ஆழியாறு பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது அவர் என்னிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதை மகனிடமும் மகளிடமும் இல்லத்து மருத்துவரிடமும் அதே சொற்களில் சொல்லிவைத்திருக்கிறேன். என்னுடையதை இப்போதே எழுதிக் கையெழுத்திட்டு மகளிடம் கொடுத்துவிட்டேன்.

இரவில் தொலைபேசியை மௌனத்தில் போடாதீர்கள். ஒரு பையைத் தயாராக வையுங்கள். என் பை வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது: அவருடைய ஆதார் நகல், மருந்துச் சீட்டுகளின் நகல், காப்பீட்டு அட்டை, ஐயாயிரம் ரூபாய், ஒரு வேட்டி, ஒரு துண்டு, எனக்கு ஒரு மாற்றுப் புடவை, சுவரில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு பக்கத்தின் இன்னொரு நகல். மருத்துவமனையில் ஆள் எல்லாம் புதிது. அங்கேயும் மாலை ஐந்து மணிக்கு யாராவது ஒருவர் அவரிடம் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.